பீடத்திலிருந்து இறக்கிய தேயிலை

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு எல்கடுவைத் தோட்டத்தில் இது இரண்டாவது மழைக்காலம். அம்மா சுகம். தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். ராணுவ செக்பொயின்டில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அடிக்கடி நிறுத்தி வைக்கிறார்களாம். அம்மா தினமும் அவனுக்காக ஜெபிக்கிறார்.

நான் ஜெர்மனிக்குப் போய் வந்தேன், அப்பா. சபைச் சீர்திருத்தம் தொடங்கிய ஊர்களைப் பார்க்க நம் சபையிலிருந்து ஒருவரைக் கேட்டார்கள். படித்தவள் என்று போதகர் ஐயர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஒரு கூட்டத்தில் எழுந்து பேசத் தெரியாதவளின் பெயரை.

சீர்திருத்த வாசகங்களை ஆணியடித்து ஒட்டியதாகச் சொல்லும் விட்டன்பேர்க் கோயிலின் கதவைப் பார்த்தேன். பழைய மரக்கதவு எரிந்துபோனதாம், இப்போது இருப்பது வெண்கலம். எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு செம்புச் சுரங்கங்கள் இருந்த பக்கம் போனோம். அங்கே ஒரு கிராமத்துக் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தை அலங்கரித்திருந்தார்கள். உருளைக்கிழங்கு, அப்பிள், பெரிய ரொட்டி. அவற்றின் நடுவே ஒரு கறுப்புக் கல். சுரங்கத்துக் கல். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்களோடு வந்த கொழும்பு அக்கா சிரித்தார். “என்ன தங்கச்சி, உங்க மாத்தளைப் பக்கம் கல்லே இல்லியா? இப்பிடிப் பாக்கிறீங்க?”

அவருக்கு எப்படிச் சொல்வேன்? நம் கோயிலிலும் அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் லயத்து வீட்டோரத்தில் விளைந்த பூசணியும் போஞ்சியும்தான் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் நீங்கள் ஒரு தகரப் பேணி தேயிலைத்தூளைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தீர்கள். தேயிலை ஆலை ஸ்டோர் மாடியில் நீங்களே கொழுந்து வாட்டிய தூள். சபை மூப்பர் ஒருவர் எழுந்து வந்தார். அவர் யாரென்று இங்கே எழுதவில்லை. பேணியை எடுத்து உங்கள் கையில் கொடுத்து, “தோட்டத்துச் சாமான கர்த்தர் சன்னிதிக்குக் கொண்டாரலாமா, சாமுவேல்?” என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர் வாசலில் தினமும் மடியைத் தட்டிப் பார்த்து அனுப்புகிற ஊரில், அந்தப் பேச்சுக்குத் திருடினது என்றுதான் அர்த்தம் என்று சிறுபிள்ளையான எனக்கே தெரிந்தது. அது தோட்டத்திலிருந்து நமக்கு மாதாமாதம் கிடைக்கும் பங்குத்தூள். அதை அப்படியே கோயிலுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பண்டிகை வரைக்கும் அந்த மாதம் முழுக்க வீட்டில் கொத்தமல்லித் தண்ணீர்தான் குடித்தோம். நீங்கள் அதைச் சொல்லவில்லை. பேணியை வாங்கிக்கொண்டு கடைசி வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தீர்கள்.

வரும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா அவருக்கு வெக்கமாப் போயிரும் புள்ள,” என்றீர்கள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அவரு சொல்றதும் சரிதான். தேயில தொரமாரோடது. நம்ம வேல கோயிலுக்குள்ள வராது.”

அதன் பிறகு நீங்கள் பீடத்துக்கு எதையும் கொண்டுபோகவில்லை. சாகும்வரை அந்தக் கடைசி வாங்குதான். மாத்தளை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோதும் நம் வேலை கோயிலுக்குள் வராது என்றே நம்பிக்கொண்டிருந்தீர்களா, அப்பா?

அந்தக் கிராமத்தில் பீடத்தருகே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம், கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன்: சுரங்கம் உங்களுடையதா? அவர் இல்லையென்று தலையாட்டினார். ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை, ஆனால் வேலை செய்தது என் கணவர்தானே என்றார். ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து மதிலோரம் நின்று அழுதேன்.

சீர்திருத்தத்தைப் பற்றி நிறையச் சொல்லித் தந்தார்கள். மாடு கறப்பவளின் வேலையும் குருவின் வேலையும் தேவனுக்கு முன்னால் ஒன்றே என்றார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை. இதைக் கேட்க வேண்டியவர் நானில்லை என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. நீங்கள் இருக்கிற இடத்தில் இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

வருகிற ஞாயிறு பயணத்தைப் பற்றிப் பேசும்படி ஐயர் கேட்டிருக்கிறார். அந்த மூப்பரும் முன்வாங்கில் இருப்பார். உங்கள் பெட்டியைத் தோளில் சுமந்து, குழிக்கரையில் குலுங்கி அழுதவர் அவர். அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. நீங்கள் அவருக்குக் காப்பாற்றிக் கொடுத்த மானத்தை நானும் காப்பாற்றுவேன்.

ஆனால் உங்கள் பெயரைச் சொல்வேன். என் அப்பா சாமுவேல் ஸ்டோரில் கொழுந்து வாட்டினார், அது தேவனுடைய வேலை என்று சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன், அப்பா.

என்றும் உங்கள் புள்ள,
ரூத்