மாறி வந்த மூடி

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி. பால்வாடிக் குண்டாவின் மூடி நம்முடையது இல்லை. நம் மூடியில் ஓரம் நெளிந்திருக்கும். இதில் பேர் வெட்டியிருக்கிறது: ரா. சரசு. பஞ்சாயத்துத் தலைவரின் சம்சாரம்.

சனிக்கிழமை தலைவரின் ஆட்கள் வந்து குண்டாவையும் விறகையும் கொண்டுபோனார்கள். நேற்று அவர்கள் கட்சிக் கூட்டத்துக்குப் பிரியாணி. டீச்சர் தலையாட்டினார், சாவியை எடுத்துக் கொடுத்தது நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

குண்டா வந்துவிட்டது. விறகு வரவில்லை. ஈரச் சுள்ளி பொறுக்கிச் சமைத்தேன். பிள்ளைகளுக்குச் சோறு இரண்டு மணிக்கு. நாலு பேர் அழுதபடியே தூங்கிவிட்டார்கள்.

வாங்க வேண்டியது: உப்பு, சோப்பு, பால்வாடிச் செல்விக்கு ரிப்பன்.

மார்ச் 4, செவ்வாய்

லேசான சாரல். டீச்சரிடம் மூடியைக் காட்டினேன்.

"உஷ்! ஆரும் பாக்காம மாத்திக்கிட்டு வந்துரு கண்ணு."

தேர்தல் முடியும்வரை அரசு சாமான் எதையும் கட்சிக்குத் தரக்கூடாது என்ற நோட்டீசைச் சுவரில் ஒட்டியதும் அவர்தான்.

தலைவர் வீட்டில் எல்லாரும் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார்கள். வாசலில் இருந்த ஆள் சிரித்தான். "ஏம்புள்ள, உன்ற வேலைய நெரந்தரம் பண்றது தலைவர்தான? மூடி எங்கயும் ஓடிப் போயிராது. போ, போ."

மூடியோடு திரும்பினேன்.

அப்பா, அம்மா எஸ்டேட்டிலிருந்து இன்னும் வரவில்லை. எட்டாவதோடு நின்றபின் என்னோடு பேசுவது பால்வாடிப் பிள்ளைகள்தான். அங்கே மட்டும் எனக்குக் குரல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பிடிப்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீஸ் ஜீப். கண்ணாடி போட்ட அதிகாரி.

டீச்சர்: "இல்லைங்க சார். இங்கிருந்து ஒரு கரண்டிகூட வெளிய போகலைங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கூட்டத்துக்குப் பாத்திரம் ஏதாவது போச்சா?"

டீச்சர் என்னையே பார்த்தார். செல்வி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஆயாக்கா, இன்னிக்கும் சோறு லேட்டா?"

வேலை போனால் இந்த ஆயாக்காவும் இல்லை.

உள்ளே போனேன். குண்டாவை மூடியோடு தூக்கி வந்து அதிகாரி முன்னால் வைத்தேன். பேர் வெட்டிய பக்கம் அவருக்குத் தெரியும்படி மூடியைத் திருப்பினேன்.