முதல் அரிவாள் விரிசல் விட்டது

அன்புள்ள மாமாவுக்கு பானு எழுதுவது. தோள்வலி தேவலையா? பாப்பா சமர்த்தாகச் சாப்பிடுகிறாளா? இங்கே போனில் சிக்னல் இல்லை. குளிர்தான் நிறைய இருக்கிறது. மற்றபடி நான் நலம்.

நேற்று எஸ்டேட் ஆட்கள் முன்னால், உங்களுக்குப் பதிலாக நானே அரிவாள் அடித்துக் காட்டினேன். பழுத்த இரும்பைப் பச்சைத் தண்ணீரில் தோய்த்ததும் விரிசல் விட்டுவிட்டது. சோலி போச்சு என்றுதான் நினைத்தேன். ஆட்கள் கலையப் பார்த்தார்கள். ஏலக்காய் பறிக்கும் ஷீலா அக்கா மட்டும் நகரவில்லை.

"இன்னொன்னு அடி, பானு. உலைகிட்ட நின்னா எங்களுக்கும் குளிருக்கு நல்லாத்தான இருக்கு" என்றார். எல்லாரும் நின்றார்கள். இன்னொன்று அடித்து, இந்த முறை தண்ணீரைச் சூடாக்கித் தோய்த்தேன், அரிவாள் தாங்கியது. இந்த சீசன் முழுக்க வேலை கொடுத்துவிட்டார்கள். அந்த அக்காவை மறக்கவே மாட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப்பு கிளம்புகிறது. என் கம்பளியையும் உங்கள் சட்டை ஒன்றையும் அதிலேயே கொடுத்துவிடுங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

உங்கள்
பானு