லாத்தா ஏறுவதற்காக ஒரு வண்டி

நானா,

இன்று காலை மாம்பழம் வாங்கப் போனேன். கடைக்காரர் கூடையைத் திறந்ததும் குப்பென்று கார்பைட் வாடை. கல்லைப் போட்டுத்தான் பழுக்க வைத்திருக்கிறார். நியாயமாக அங்கேயே ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும். நானோ குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். பூண்டு கெட்டுப்போனது போன்ற அந்த நாற்றத்தில் உங்கள் கொல்லையும், கைலியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டிய நீங்களும் கண்முன்னே வந்து நின்றீர்கள். பழம் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் கொல்லை என்று எழுதினால் திருத்துவீர்கள். "எங்க வூடு இல்ல முசே, எங்க வூட்டுக்காரி வூடு." உங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குடியேற வேண்டும். கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து வருடம் ஆன பிறகும் அந்தத் தெருவுக்கு நீங்கள் மாப்பிள்ளைதான். நான் தையற்காரன், பிரெஞ்சு துரைமார்களுக்குக் கால்சட்டை தைத்த ஒரே காரணத்துக்காக என்னையும் ஒரு துரையாக்கி முசே என்று கூப்பிட்டீர்கள். ஒரு வயது மூத்தவர் என்பதால் நான் உங்களை நானா ஆக்கினேன். உங்கள் மனைவி எனக்கு லாத்தா, அக்காள் முறை.

லாத்தாவுக்கு இரண்டாவது பிரசவத்திலிருந்து இடுப்பு சரியில்லை. மாட்டுவண்டியில் ஏறினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போகும். கப்பல் வைத்திருந்த வீட்டுப் பெண், ஒரு மைல் தூரத்துக் கடலைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. அது உங்களை அரித்தது. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்தீர்கள். அதன் பின்னால் இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, இரண்டு சக்கரம் மாட்டி, வில் வைத்த இருக்கை போட்டு, லாத்தாவைக் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது உங்கள் திட்டம். கூண்டுத் துணியும் மெத்தையும் என் பங்கு. உங்களுக்குக் கயிறும் தாரும் ஆணியும் விற்கும் கடை. வண்டி கட்டுவதில் நம் இருவருக்கும் இருந்த அனுபவம், ஆசை மட்டும்தான்.

இரும்பைப் பற்றவைக்க வெளியே கொடுத்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. வீட்டிலேயே ஒரு மெஷின் வேண்டும். கரண்டில் ஓடுவதா, கேஸில் ஓடுவதா என்பதில் நாம் போட்ட சண்டையில் தெருவே இரண்டு கட்சியானது. நீங்கள் கரண்டு கட்சி. "சைகோன்ல பாத்துருக்கேன், ஒரு பீடி குடிக்கிற நேரத்துல கப்பல் தகட்டையே ஒட்டிப்புடுவான்" என்றீர்கள். நம்முடையது மெல்லிய குழாய், கரண்டு அதில் ஓட்டை போட்டுவிடும் என்று நான் சொன்னேன். கேட்கிற ஆளா நீங்கள்? உங்கள் மச்சான் கப்பலில் கொண்டுவந்த மெஷினை இரவல் வாங்கி ஒருநாள் அந்தியில் மாட்டினீர்கள். கம்பியை வைத்ததும் ஒரு பெரிய பொறி. அடுத்த நொடி வீட்டில் பியூஸ் போனது, பக்கத்து வீடுகளில் விளக்கு அழுது வடிந்தது. குழாயில் என் பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து லாத்தாவின் குரல் வந்தது. "இந்த சைத்தான எடுத்தவங்ககிட்டயே கொடுத்துருங்க. தெருவே என்னைய ஏசும். கேஸோ கீஸோ, என்னத்தயாச்சும் வாங்குங்க. ஆனா நான் ஏறி ஒக்காந்தா ஒடையக் கூடாது, அவ்வளவுதான்."

வீட்டுக்காரி தீர்ப்புச் சொன்னபின் மேல்முறையீடு ஏது? கேஸ் செட் வந்தது. தொட்டியில் கார்பைட் கல்லைப் போட்டுத் தண்ணீர் சொட்டவிட்டால் கேஸ் கிளம்பும். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். குழாய் பொத்துவிடுமோ என்ற பயத்தில் தீ வரும் குழலுக்கு இருப்பதிலேயே சின்ன முனையைத் தேர்ந்தெடுத்தோம். நீலத் தீயை நீங்கள் பிடித்த அழகை இப்போதும் மெச்சுகிறேன். ஒவ்வொரு மூட்டும் கண்ணுக்கு அவ்வளவு லட்சணம்.

அதைச் சோதித்த விதம்தான் உங்கள் ரத்தத்தில் ஊறிய விதம். குழாயின் ஒரு பக்கத்தை அடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, மூட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தீர்கள். புதுத் தோணிக்குள் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கிற குடும்பம். "ஒரு சொட்டு கசியல முசே. இனி ரங்கூன் வரைக்கும் போவலாம்."

"நானா, தையல்னா இழுத்துப் பாக்கணுங்க" என்றேன்.

"இது என்னா, ஒங்க துரைமாரு கால்சட்டையா?" என்று சிரித்தீர்கள்.

லாத்தாவை ஏற்றுவதற்கு முன் என்னை ஏற்றினீர்கள். அந்த ஒரு புத்திக்காக உங்களை எத்தனை தடவை வாழ்த்தியிருக்கிறேன். மேட்டுக்குப் போகும் மணல் பாதையில், ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. முன்பாதி உங்களோடு போனது. பின்பாதி என்னோடு நின்றது. மீன்கூடையோடு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து உடைந்த மூட்டைப் பார்த்தேன். மேலே மட்டும் ஒரு தோல் போல ஒட்டியிருந்தது. சின்னத் தீயின் சூடு உள்ளே இறங்கவே இல்லை. தண்ணீரைத் தடுக்க அந்தத் தோல் போதும், ஓர் ஆளைத் தாங்கப் போதாது.

நீங்கள் சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள். "போத்திக்கிட்டு வர்றதுக்கு வெள்ளைத் துப்பட்டிய தொவச்சு மடிச்சு வச்சுருக்கா முசே. நாளைக்குக் கடலப் பாக்கப் போறோம்னு பக்கத்து வூட்டுக்கெல்லாம் சொல்லிட்டா. என்னா மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போவேன்?" உங்கள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். வண்டியின் இரு பாதிகளையும் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்தோம்.

லாத்தா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "கப்பலுக்குத் தண்ணி உள்ள வரக் கூடாது, சரி. இதுக்குள்ள வரப்போறது தண்ணியா? நானுல்ல! என் கனத்த வச்சுப் பாத்தீங்களா?"

அதற்குப் பிறகு எந்த மெஷின் என்ற பேச்சே எழவில்லை. பெரிய முனையை மாட்டினோம். குழாயின் விளிம்பைச் சாய்வாக அரத்தால் தேய்த்து, இரண்டு பக்கமும் உருகி ஒன்றாகும் வரை நீங்கள் அவசரப்படாமல் காத்திருந்தீர்கள். பழைய மூட்டு ஒவ்வொன்றையும் அறுத்துவிட்டுப் புதிதாகப் போட்டீர்கள். பிறகு இரண்டு கட்டைகளின் மேல் சட்டத்தைக் குறுக்கே வைத்து நான் ஏறிக் குதித்தேன். நீங்கள் ஏறிக் குதித்தீர்கள். இருவரும் சேர்ந்து குதித்தோம். ஜன்னலிலிருந்து உத்தரவு வந்தது: "அந்த ஆட்டுக்கல்லையும் தூக்கி வைங்க." வைத்தோம். சட்டம் முனகக்கூட இல்லை.

மறுவாரம் லாத்தா வெள்ளைத் துப்பட்டியோடு ஏறி உட்கார்ந்தார். நீங்கள் முட்டையைக் கொண்டுபோவது போல ஓட்ட, நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். அதே பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது. நான் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டேன். திறந்தபோது கூண்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது: "ஏன் இப்புடி ஊர்றீங்க? கொஞ்சம் வெரசா வுடுங்களேன்!" கடற்கரையில் லாத்தா, துப்பட்டி காற்றில் படபடக்க, அலையைப் பார்த்தபடி இருந்தார். நீங்கள் அலையைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை என்பதை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை, நானா.

இன்று வீடு திரும்பினால் என் மருமகன் படம் போட்ட தாள்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான், பொழுதுபோக்குக்குப் பிரித்துக் கட்டப்போகிறானாம். வீட்டுக்கு எந்த வெல்டிங் மெஷின் நல்லது என்று என்னிடம் கேட்டான். தையற்காரனிடம் கேட்கிறான் பாருங்கள்! எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அதுல யாரு ஒக்காரப் போறாங்க? அத மொதல்ல சொல்லு" என்றேன்.

அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கி, என் கைத்தடியைப் பார்த்தான். "நீங்கதான் மாமா. கடலப் பாத்து எவ்வளவு நாளாச்சு ஒங்களுக்கு?"

கொல்லைக்குப் போய், லாத்தாவுக்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த அந்த ஆட்டுக்கல் இன்னும் கிடக்கிறதா என்று பார்த்தேன். கிடக்கிறது.