அம்மாசியின் முதல் லீவு

ஜூலை 7, திங்கள்

திருமண்டல ஆபீசிலிருந்து சுற்றறிக்கை. ஆலயப் பணியாளர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வெடுக்க வேண்டுமாம், போதகரும் சேர்த்து. போன மாதம் பிரசங்க பீடத்தில் எனக்குத் தலைசுற்றி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்த கதை அங்கே வரை போயிருக்கிறது போல. உடனே பணியாளர் கூட்டம் போட்டேன். இனி திங்கட்கிழமை ஓய்வு என்று மூன்று மணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் ஆபீஸ் பார்க்கும் பிரதீப் கேட்டான்: "ஐயா, இன்னைக்கே திங்கள்தானே?"

ஜூலை 9, புதன்

அம்மாசி கதவோரம் வந்து நின்றார். பதினொரு வருஷமாக இந்தக் கோயிலைத் திறந்து, பெருக்கி, பூட்டி, தினமும் காலை ஆறுக்கு மணி அடிக்கிறவர். "திங்கக்கெழம நெசமாவே லீவுங்களாய்யா?" என்றார்.

அவர் மகள் ஸ்ரீரங்கத்தில். அம்மா இல்லாத பெண் என்பதால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே. குழந்தைக்கு இன்று இருபத்திரண்டாம் நாள். அம்மாசி இன்னும் பார்க்கவில்லை. எங்கள் புத்தூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறிப் போனாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஜெராக்ஸ் எடுக்க மட்டும் இந்த மூன்று வாரத்தில் அவரை எத்தனை தடவை அனுப்பியிருப்பேன்? வெட்கமாகிவிட்டது. அந்த வேகத்தில், "மணியை நானே அடிக்கிறேன், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"கயிறு கொஞ்சம் கனக்கும்ங்கய்யா."

"நான் பாத்துக்கறேன்."

லிசி கேட்டாள்: "ஒரு நாள் மணி அடிக்கலைன்னா என்னங்க? லீவு உங்களுக்கும்தானே?" போதகர் மனைவி பேசுகிற பேச்சா இது? முறைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஓய்வைப் பற்றிப் பிரசங்கம். ஐம்பத்திரண்டு நிமிடம். பாதிப் பேர் நான் முடிப்பதற்குள்ளேயே கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஐந்தரைக்கே அம்மாசி கிளம்பிவிட்டார். ஓய்வு நாள் என்று லிசி என் போனைப் பிடுங்கி அணைத்து வைத்துவிட்டு, பால் வாங்கப் போனாள். நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன். காலை மணி என்றால் நிறுத்தாமல் பன்னிரண்டு அடி. எனக்கு மூன்றாவதிலேயே மூச்சு வாங்கியது. விடுவேனா? ஓர் அடி. படியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு. எழுந்து இன்னோர் அடி.

அப்படி விட்டுவிட்டு அடித்தால் அது துக்க மணி. இது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அடக்க ஆராதனை நடத்துகிறேன்!

செத்தது யார் என்று கேட்க எல்லோரும் எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள். போன்தான் அணைத்துக் கிடக்கிறதே. ஐயா ஏற்கனவே தலைசுற்றி விழப் பார்த்தவர். போனது நான்தான் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். பிரதீப் படுக்கையில் இருந்தபடியே அம்மாசிக்குச் சொல்லிவிட்டான். பஸ் அப்போது காவிரிப் பாலத்தில். மனிதர் அடுத்த ஸ்டாப் மாம்பழச் சாலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கையில் பேத்திக்கு வாங்கிய மடக்குக் கொசுவலை.

அதற்குள் அறுபது பேர் கூடிவிட்டார்கள். என் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நானே "வாங்க, வாங்க" சொன்னேன். அத்தோடு விட்டேனா? கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று ஒரு ஸ்தோத்திர ஜெபம் ஆரம்பித்தேன். நாற்காலி போட்டது அம்மாசி. காபி கொடுத்தது அம்மாசி. எல்லோரும் போன பிறகு நாற்காலியை அடுக்கியதும் அவர்தான். மணி இரண்டு.

"இப்பவாவது கிளம்புங்க" என்றேன். இனி அடுத்த வாரந்தான் என்று தலையை ஆட்டினார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போயிட்டீங்கன்னு கேட்டதும் எனக்கு மொதல்ல அழுகை வரலீங்க. இந்த லீவும் போச்சேன்னுதான் தோணுச்சு. அப்புறந்தான் அழுதேன்." சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார்.

ஒரு நல்ல மனுஷனை இப்படி நினைக்க வைத்தது யார்? நான்தானே. செத்தாலும் அவருக்கு வேலை வைக்கிற ஆள் நான். வேறென்ன சொல்ல.

ஜூலை 15, செவ்வாய்

வலது கையைத் தூக்க முடியவில்லை. சட்டையை லிசி மாட்டிவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் சொன்னேன்: "நாளை மணி கிடையாது. யாரும் சாகவும் இல்லை." மொத்தம் பத்து விநாடி. என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

ஜூலை 21, திங்கள்

எழுந்தபோது பதினொன்றரை. காலையில் நடந்ததை லிசி சொல்லித்தான் தெரியும்.

ஏழு மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாசி போன் பண்ணினாராம்.

"ஐயா எங்கேங்கம்மா?"

"தூங்குறாங்க."

பிறகு, "மூச்சு வருதான்னு ஒரு தடவ பாத்துருங்கம்மா."

லிசி போனை என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்திருக்கிறாள். அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. அதற்கும் நான் அசையவில்லையாம். குறட்டையை நன்றாகக் கேட்டுவிட்டு அம்மாசி சொன்னாராம்:

"சரிங்கம்மா. அப்ப நான் நாளைக்கு வரேன்."