மூன்றாம் அறிவிப்பு

அன்பு மகளே,

அடுத்த அறையில் இருக்கும் உன்னிடம் நேரில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், ஆகவே எழுதுகிறேன்.

செயலியை 'பேன்' பண்ணிவிட்டார்கள் என்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் ஊரறிய அறிவித்தல். தடை என்ற பொருள் பின்னரே வந்தது. தடை உண்டா என்று சபையைக் கேட்டு தேவாலயத்தில் மூன்று முறை வாசிக்கும் திருமண அறிவிப்பின் ஆங்கிலப் பெயரான 'பேன்ஸ்' என்பதும் அதே வேரிலிருந்து பிறந்தது.

உனக்கும் குலசேகரம் ஊர்க்காரன் எட்சனுக்குமான அறிவிப்பை நாளை மூன்றாவதாக, கடைசியாக வாசிப்பார்கள்.

"எழும்பி நின்னு தடை வல்லதும் சொல்லுவியளா?" என்று உன் அம்மா கேட்டாள்.

"முறையான காரணம் வேணும்லா?"

"ரப்பர் வெட்டுகவருக்க மவன்ங்கது காரணமாக்கும்?"

வாரமெல்லாம் சபை விதிகளைப் புரட்டினேன். என் விருப்பமின்மை அவற்றில் தடையாகக் குறிக்கப்படவில்லை.

ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்கும்போது நான் எழுந்தால் அஞ்சாதே. வெளியே போவதற்காகத்தான் எழுந்திருப்பேன்.

உன் அப்பா