இல்லாத காலின் சூடு

என்னங்க,

உடம்பு எப்படி இருக்கிறது? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

நரம்பு வலிக்கான புது மருந்தைச் சோதிக்கும் வார்டில்தான் இப்போது எனக்கு வேலை. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று எங்களுக்கே தெரியாது. தினமும் காலையில் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்ட லாரி டிரைவர் ஒருவர் இருக்கிறார். இல்லாத அந்தக் காலில்தான் அவருக்கு மூன்று வருடமாக வலி. ஞாபகமில்லாமல் அவர் கட்டிலில், அந்தக் கால் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர், என் கால் மேல உட்காந்துட்டீங்க!" என்று அலறினார். பதறி எழுந்தேன்.

"விரலெல்லாம் மடங்கிக்கிச்சும்மா. கொஞ்சம் நீட்டி விடுங்க" என்று அழுதார்.

அழுகிறவரிடம் அங்கே கால் இல்லை என்றா சொல்வது? வெறும் விரிப்பின் மேல் ஒவ்வொரு விரலாக நீட்டுவதுபோல் செய்தேன்.

"சுண்டு விரல் இன்னும் தள்ளி" என்றார். கையைத் தள்ளி வைத்தேன். அங்கே சூடாக இருந்ததுங்க.

"வலி போயிடுச்சும்மா" என்றார். மூன்று வருடத்தில் முதல் பூஜ்யம். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன், எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். சூட்டை மட்டும் எழுதவில்லை. நான் உட்கார்ந்த சூடுதான் என்று நினைத்தேன். மறுநாள் விரிப்பை மாற்றும்போதும் அந்த இடம் சுட்டது.

நீங்கள் பயப்படாதீர்கள். பாப்பாவின் காலைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்கவேண்டும். உங்கள் காலையும் வரையுங்கள். செருப்பு வேண்டாம் என்பீர்கள். பரவாயில்லை, வரைந்து அனுப்புங்கள், கை வைத்துப் பார்க்கவேண்டும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பாப்பா அம்மா