ஐந்து பத்து பஸ்

ஜூலை 11, செவ்வாய்

கூல்வனுக்கு ப்ரெஸ்ட் நகரத்திலிருந்து ஒரு கடிதம். ஊர்த் தபால்காரி நான்தானே, நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உறையின் பின்பக்கம் மாலோவின் பெயர். பொம்பார்டுக் குழல் ஊதுகிறவர்களில் இப்போது அவனுக்குத்தான் கிராக்கி. முப்பது வயது, நல்ல பல்வரிசை, நல்ல கார். அவனுக்கு என் முன்னாள் புருஷனிடம் என்ன வேலை?

பிரித்துப் பார்க்கவில்லை. தபால் பைக்கு என்று ஒரு தர்மம் உண்டு. ஆனால் நான்கு டிராக்டர் விளம்பரங்களுக்கு நடுவில் செருகிக் கொடுத்தேன். விளம்பரத்தைப் பார்க்காமல் அடுப்பில் போடுவது அவன் வழக்கம்.

ஜூலை 13, வியாழன்

அடுப்பில் போடவில்லை.

வழக்கம்போல ஆறு மணிக்கு பினியுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். விவாகரத்தாகி ஒன்பது வருஷம். வீட்டைப் பிரித்தோம், நாயும் அவனோடு போய்விட்டது, வியாழக்கிழமையை மட்டும் பிரிக்கவில்லை. நான் பொம்பார்டு, அவன் பினியு, அந்தச் சின்னப் பைக்குழல். இந்த ஜோடிக்குப் போட்டிகளில் பெயர் உண்டு.

"மாலோ கூப்பிடுறான். குளிர்காலம் பூரா ஆட்டக் கச்சேரி. முப்பதாம் தேதி ராத்திரி ஏழு மணிக்கு வந்து வாசிச்சுக் காட்டணுமாம்."

"அன்னிக்கு கடற்கரை விழா."

"போட்டி மத்தியானமே முடிஞ்சிடும். அஞ்சு பத்துக்கு பஸ் இருக்கு."

"போயேன். எனக்கென்ன?"

அதற்குப் பிறகு நான் ஊதிய ஊதலில் பூனை வீட்டை விட்டு ஓடியது.

எனக்கென்ன என்றது பொய். பதினான்கு வருஷக் கல்யாணத்தில் நான் சொன்ன எதற்கும் அவன் பதில் சொன்னதில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு "ம்" வரும். பினியுவை எடுத்தால் மட்டும் வேறு ஆள். நான் ஒரு வரி ஊதி மூச்சு வாங்கும்போது, அதே வரியை அவன் திருப்பி வாசிப்பான். எங்கள் இசையின் விதி அது, ஊதிய வரிக்குப் பதில் வந்தே ஆக வேண்டும். அந்தப் பதில் எனக்கு வேண்டும். ஆள் வேண்டாம், பதில் வேண்டும்.

ஜூலை 19, புதன்

அக்கா அன்னாயிக்: "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி." செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பத்துக்கு அப்புறம் விழா நடக்கிற இடத்திலிருந்து ப்ரெஸ்டுக்கு பஸ் கிடையாது. சும்மா தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் ஞாபகம் வந்தது. பாட்டை ஆரம்பிப்பது பொம்பார்டு, முடிப்பதும் பொம்பார்டு. நான் காலைத் தூக்கிச் சைகை காட்டினால்தான் கடைசி வரி. தூக்காவிட்டால்?

ஜூலை 30, ஞாயிறு, பயணத்தில்

வண்டி குலுங்குகிறது, எழுத்து கோணல். அக்காவின் ஆட்டக் குழுவோடு பஸ்ஸில் போகிறோம். பதினெட்டுப் பெண்கள், தலைக்கு ஒன்றாக முழ உயர லேஸ் தொப்பிகள். கூரையில் இடிக்காமலிருக்க எல்லோரும் குற்றவாளிகளைப்போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூல்வன் முன் சீட்டில், பினியுவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு.

"கடல் தெரியுது" என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மூன்று தொப்பிகள் காலி. அதில் முதலாவது அக்காவுடையது.

ஜூலை 31, திங்கள்

உதடு வீங்கியிருக்கிறது. சூப் மட்டும்.

போட்டியில் நான்காவது இடம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது படகுத்துறையில் நடந்த கடைசி ஆட்டம். நாலே முக்காலுக்கு ஆரம்பித்தோம். இருநூறு பேர் சுண்டுவிரல் கோத்துச் சுற்றி வந்தார்கள். நான் கடலைப் பார்த்து, கூல்வன் என்னைப் பார்த்து. என் முதுகுக்குப் பின்னால் அந்த ப்ரெஸ்ட் பஸ் நின்றிருந்தது, அவன் கண்ணுக்கு நேராக.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவன் புருவத்தைத் தூக்கினான். நான் கடற்காகங்களைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மறுபடி தூக்கினான். மறுபடி கடற்காகம். வாயில் குழல் இருக்கிறவனால் சண்டை போட முடியாது. இது கல்யாணம் ஆன புதிதில் தெரியாமல் போயிற்று.

நசுங்கிய தொப்பியோடு அக்கா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாக வீசிவிட்டுப் போனாள். "போதும்டி." அடுத்த சுற்றில், "முழங்கால் போகுதுடி." அதற்கடுத்த சுற்றில், "சோவாசிக், நீ உருப்படவே மாட்ட."

அப்போதுதான் உதடு கைவிட்டது. சீவாளியில் வெறும் காற்று. என் வரி வரவில்லை.

இனி அவன் நிறுத்தலாம். பொம்பார்டு விழுந்தால் பாட்டு முடிந்தது, யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. பஸ் ஐம்பது அடி தூரத்தில். நல்லா வேணும்டி உனக்கு, அவனை மடக்கத்தானே ஆசைப்பட்ட, இப்ப அழு — என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவன் என் வரியை வாசித்தான். பினியுவின் கீச்சுக் குரலில். பிறகு அதற்குப் பதிலையும் அவனே வாசித்தான். கேள்வியும் அவன், பதிலும் அவன். நான்கு சுற்று. நான் சீவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

பின்னால் பஸ் கிளம்பும் சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அது போகும் திசைக்கு அவன் தலை மெல்லத் திரும்பியது, விரல் மட்டும் நிற்கவில்லை. உதட்டில் உயிர் வந்ததும் நான் சேர்ந்துகொண்டேன், காலைத் தூக்கினேன், முடித்தோம்.

பையிலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டே சொன்னான்: "நாலாவது வரில எப்பவும்போல அவசரப்படுற."

"மாலோ காத்திட்டிருப்பானே?"

"ம்."

திரும்பி வரும்போதும் அதே முன் சீட்டு.

அவனை நான் மடக்கிவிட்டேன் என்று இரவெல்லாம் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ப்ரெஸ்டிலிருந்து மறுபடி கடிதம். இந்த முறை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கேட்டருகே நின்ற கூல்வனின் கையிலேயே கொடுத்தேன். அவன் உறையைத் திருப்பிப் பார்த்தான், என் பையையும் பார்த்தான்.

"டிராக்டர் விளம்பரம் ஒண்ணும் இல்லையா?"

காது வரை சூடாகிவிட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன். கடிதத்தைப் பிரித்தானா, என்ன பதில் எழுதுவான் என்று கேட்கவில்லை.

நான்கு மணிக்கே சீவாளியைத் தண்ணீரில் போட்டேன். ஐந்துக்கு எடுத்தேன், மறுபடி போட்டேன்.

ஆறு மணி. கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான், நாயும் கூடவே. பினியுவை மேசைமேல் வைத்துவிட்டு, "சீவாளி நனைச்சு வச்சிருக்கியா?" என்றான்.

நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றேன்.